வயதுவந்தோர் ஆங்கிலம் கற்றல்: தன்னம்பிக்கைக்குத் தமிழே முதல்



தமிழுக்காகக் கூடும் ஓர் அவையில் ஆங்கிலம் கற்பதைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். பொருந்தும் என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுகின்றனர். 2010இல் இந்த அளவு 32.3 விழுக்காடாக இருந்தது. இம்மாற்றத்திற்குக் காரணங்கள் பல. நம் குடும்பங்களைப் பொறுத்தவரை, அவற்றுள் அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் வாய் திறக்க அஞ்சி, அதனால் பல இடங்களில் தலைகுனிந்த பெற்றோர், ‘என் பிள்ளைக்காவது இந்த நிலை வரக்கூடாது’ என்று எண்ணி வீட்டில் தமிழை நிறுத்திவிடுகின்றனர். ஆங்கிலத்தின்மேல் கொண்ட பற்றைவிட, ஆங்கிலத்தின்முன் பட்ட கூச்சமே அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டுகிறது. ஆகவே அந்தக் கூச்சத்தைப் போக்குவது தமிழைக் காக்கும் பணியின் ஒரு பகுதியே ஆகும்.

வளர்ந்த ஒருவர் ஆங்கிலம் கற்கும்போது இழப்பது அறிவையன்று, மதிப்பை. அந்த மதிப்பை அவருக்குத் திரும்பப் பெற்றுத் தருவதற்கு அவருடைய தமிழறிவே நமக்குக் கிடைத்திருக்கும் முதல். இவ்விரண்டையும் இன்று உங்கள்முன் விளக்க விரும்புகிறேன்.

யார் இந்த மாணவர்?

வயதுவந்தோர் ஆங்கில வகுப்புக்கு வருவோர் ஒரே வகையினர் அல்லர். முதல் வகையினர் இம்மண்ணிலேயே தமிழ்வழிக் கல்வி பெற்ற மூத்தோர். சிங்கப்பூரில் தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி வழங்கிய உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியாயிற்று. அந்த மாற்றத்திற்கு முன் படித்து முடித்தவர்கள், தாம் கற்ற மொழிக்கு அலுவலகத்தில் இடமில்லாத ஒரு நாட்டில் தம் உழைப்புக் காலத்தைக் கழித்தார்கள். அத்தகைய தொழிலாளர்க்கு அடிப்படை ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்க 1983இல் ‘பெஸ்ட்’ எனப்படும் திட்டம் தொடங்கப்பெற்றதை மூத்த ஆசிரியர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள்.

இரண்டாம் வகையினர் திருமணத்தின்வழி இங்கு வந்து குடியேறிய பெண்கள். அவர்களுள் பட்டம் பெற்றோர் பலர். ஊரில் கணக்காசிரியராக இருந்தவர், இங்கே பிள்ளையின் ஆசிரியரிடம் இரண்டு வாக்கியம் பேசக் கணவரை எதிர்பார்க்கிறார். மூன்றாம் வகையினர் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் பணியாற்றும் தமிழ்நாட்டு இளைஞர்கள். நான்காம் வகையினர் மலேசியத் தமிழர். அந்நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்கே தொடக்கக் கல்வியைத் தமிழிலும் இடைநிலைக் கல்வியை மலாயிலும் பெற்றவர்க்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. இரண்டு மொழிகளில் தடையின்றிப் பேசும் ஒருவர், மூன்றாவது மொழியில் தடுமாறுவதால் ‘எனக்கு மொழியே வராது’ என்று சொல்வதை ஜொகூரிலும் கேட்கலாம், இங்கும் கேட்கலாம்.

இவர்கள் அனைவர்க்கும் பொதுவான ஒன்று உண்டு. எவரும் மொழியில்லாதவர் அல்லர். ஒரு மொழியில் வாதாடவும் வாழ்த்தவும் கதை சொல்லவும் கணக்குத் தீர்க்கவும் அறிந்தவர்கள். வகுப்பறைக்குள் நுழைந்ததும் இவை எல்லாம் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. உள்ளே வருபவர், தம் பெயரையும் வயதையும் மட்டுமே சொல்லத் தெரிந்த ஒருவராகிவிடுகிறார்.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

1986இல் எலைன் ஹார்விட்சும் அவருடன் இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, அயல்மொழி கற்போரின் அச்சத்தைத் தனியாக ஆராயத்தக்க ஒன்றாக நிலைநாட்டியது. பிறரோடு பேச நேருங்கால் எழும் பதற்றம், தேர்வு பற்றிய அச்சம், பிறர் தம்மைக் குறைவாக மதிப்பிடுவாரோ என்னும் கவலை ஆகிய மூன்றோடு அவர்கள் இதனைத் தொடர்புபடுத்தினர். சிறுவரிடம் தேர்வச்சம் மிகுதியாகத் தெரியலாம். வளர்ந்தவரை வாயடைக்கச் செய்வதில் பெரும்பங்கு மூன்றாவதற்கே உண்டு என்பது வகுப்பறையில் நான் கண்டது. தாய்மொழியில் நாம் பேசும்போது சொற்களோடு நம் பதவியும் அனுபவமும் நகைச்சுவையும் சேர்ந்தே வெளிப்படுகின்றன. புதிய மொழியில் சொற்கள் மட்டும் வருகின்றன, அவையும் குறைவாக. ஐம்பது வயது மேற்பார்வையாளர் ஒருவர், இருபத்தைந்து வயது அலுவலரின்முன் குழந்தை பேசுவதுபோல் பேச நேர்கையில், ‘பேசாமல் இருப்பதே மேல்’ என்று முடிவு செய்கிறார். அந்த மௌனத்தை நாம் அறியாமை என்று எண்ணிக்கொள்கிறோம். தம் மதிப்பைக் காத்துக்கொள்ள அவர் கண்ட வழி அது.

இதனால்தான் ‘கூச்சப்படாமல் பேசுங்கள்’ என்னும் அறிவுரை பயன் தருவதில்லை. கூச்சத்தை விட்டுவிடுவது ஒருவர் கையில் மட்டும் இல்லை. பேசினாலும் மதிப்புக் குறையாது என்று அவர் கண்டறியும் வாய்ப்பை நாம் உண்டாக்க வேண்டும்.

வயது தடையா?

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்ற பழமொழியை ஆங்கில வகுப்பில் சொல்லாத மூத்தவர் இல்லை. இதற்கு அறிவியல் துணையும் உண்டு என்று பலர் நம்புகின்றனர். எரிக் லென்னெபெர்க் 1967இல் எழுதிய நூலில், மொழியை இயல்பாகப் பெறுவதற்கு ஒரு பருவம் உண்டு என்றும், அது பூப்புப் பருவத்தோடு முடிவடைகிறது என்றும் கருத்துரைத்தார். அவர் முதன்மையாகப் பேசியது முதல்மொழியைப் பற்றி. இரண்டாம் மொழிக்கு அக்கருத்தை அப்படியே பொருத்துவது சரியாகாது.

1978இல் கேத்தரின் ஸ்னோவும் மரியான் ஹூஃப்னகல்-ஹோலும் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. நெதர்லாந்தில் குடியேறிய ஆங்கிலம் பேசுவோர் டச்சு மொழியைக் கற்ற விதத்தை அவர்கள் வயதுவாரியாகக் கவனித்தனர். தொடக்க மாதங்களில் பதின்ம வயதினரும் வளர்ந்தவர்களுமே சிறு குழந்தைகளைவிட வேகமாகக் கற்றனர். நெடுங்காலத்தில், குறிப்பாக ஒலிப்பில், இளமையில் தொடங்கியவர்க்கே மேன்மை உண்டு என்பதையும் நாம் மறுக்க வேண்டியதில்லை. வயது குறைப்பது தாய்மொழியாளர்போல் ஒலிக்கும் வாய்ப்பையே. பொருளைத் தெளிவாகச் சொல்லும் வாய்ப்பை அது பறிப்பதில்லை.

இதற்கு நம் கடல்வழியிலேயே ஒரு சான்று உண்டு. 1887இல் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு போர்னியோத் துறைமுகங்களுக்குச் சென்று வந்த ‘விதார்’ என்னும் நீராவிக் கப்பலில் போலந்து நாட்டவர் ஒருவர் துணை அதிகாரியாக இருந்தார். அவருடைய தாய்மொழி போலிஷ். அடுத்துக் கற்றது பிரெஞ்சு. இருபது வயதில் பிரிட்டிஷ் கப்பல்களில் சேர்ந்த பின்னரே ஆங்கிலத்தோடு நெருங்கிப் பழகினார். அவர்தாம் பின்னர் ஆங்கில நாவலுலகின் முதல் வரிசையில் இடம்பெற்ற ஜோசப் கான்ராட். 1895இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலின் களம் போர்னியோ. எழுத்தில் அத்துணை உயரம் தொட்ட அவர், இறுதிவரை அழுத்தமான போலிஷ் ஒலிப்போடுதான் ஆங்கிலம் பேசினார். ஒலிப்பும் மொழித்திறனும் வெவ்வேறு என்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தமிழர் கையில் உள்ள முதல்

தமிழ் அறிந்த ஒருவர் ஆங்கிலம் கற்க வரும்போது அவரிடம் ஏற்கெனவே இருப்பவை எவை என்று நாம் கணக்கிட வேண்டும். சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, குறில் நெடில் வேறுபாடு. ‘படு’ என்பதும் ‘பாடு’ என்பதும் வெவ்வேறு சொற்கள் என்பதை ஒரு தமிழ்க் குழந்தைக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’, செம்மறியாட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ ஆகிய இரண்டையும் வேறுபடுத்தி ஒலிக்கப் பிறமொழியாளர் பலர் பெரிதும் முயல்கின்றனர். நம்மவர்க்கோ அந்தக் காது பழகிய காது. ஆங்கிலத்தைப் பொதுமொழியாகக் கொண்டு பேசும் பல நாட்டவரிடையே புரிதலுக்கு எவை இன்றியமையாதவை என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் உயிரொலிகளின் நீட்சி வேறுபாட்டை அவற்றுள் ஒன்றாகச் சேர்த்துள்ளார். தமிழர் அதனைக் கையில் வைத்துக்கொண்டே வகுப்புக்கு வருகின்றனர். எத்தனை ஆசிரியர் இதனை அவர்களிடம் சொல்லியிருப்பர்?

இரண்டாவது, ஒலிப்புடை மெய்கள். மேலங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஆட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கோட்’ என்றே வரும். எழுத்து ஒன்றாக இருப்பதால் ‘ஆட்டின் முதலொலி எங்கள் மொழியிலேயே இல்லை’ என்று மாணவர் தளர்கின்றனர். அது சரியன்று. ‘தங்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ங்’ என்னும் மெல்லினத்தை அடுத்து வரும் ‘க’ எவ்வாறு ஒலிக்கிறதோ, அதுவே ஆட்டின் முதலொலி. ‘பம்பரம்’ என்னும் ஒரே சொல்லில் இரண்டு ‘ப’க்களும் இரண்டு விதமாக ஒலிக்கின்றன. அந்த ஒலிகளை நாம் நாள்தோறும் எழுப்புகிறோம். சொல்லின் முதலில் அவற்றை வைப்பது மட்டுமே புதிது. ‘உங்களிடம் இல்லாததைக் கொண்டு வாருங்கள்’ என்று கேட்பதற்கும், ‘உங்களிடம் இருப்பதை இடம் மாற்றி வையுங்கள்’ என்று கேட்பதற்கும் மாணவர் மனத்தில் பெரிய வேறுபாடு உண்டு.

மூன்றாவது, இரட்டை வழக்கு. 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் விளக்கிய இந்நிலையைத் தமிழர் பிறந்த நாள் முதல் வாழ்ந்து வருகின்றனர். வீட்டில் ‘வந்துக்கிட்டு இருக்கேன்’ என்பவர் மேடையில் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்கிறார். இந்நாட்டில் ஆங்கிலத்திற்கும் இரண்டு வழக்குகள் உண்டு. ஈரச் சந்தையில் ‘கேன்’ என்ற ஒற்றைச் சொல்லே முழு மறுமொழியாகும். நேர்காணலில் அது போதாது. புதிதாகக் கற்பவர் சந்தையில் கேட்டதைப் பிழை என்று நினைத்துக் குழம்புகிறார், அல்லது அதுவே எங்கும் செல்லும் என்று நினைத்துக் குழம்புகிறார். ‘நம் பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் போல’ என்று ஒரு வரி சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும். இடமறிந்து வழக்கை மாற்றும் திறமை அவரிடம் முன்பே இருக்கிறது.

எந்தப் பிழையைத் திருத்துவது?

பிட் கார்டர் 1967இலும் லாரி செலிங்கர் 1972இலும் எழுதிய கட்டுரைகளுக்குப் பின், பிழையைக் குறித்த மொழியியலாரின் பார்வை மாறியது. கற்போர் பேசுவது சிதைந்த ஆங்கிலமன்று, தனக்கென விதிகள் கொண்ட ஓர் ‘இடைமொழி’ என்ற எண்ணம் வலுப்பெற்றது. பிழை என்பது மாணவர் எந்த விதியை உருவாக்கிக்கொண்டிருக்கிறார் என்பதை ஆசிரியருக்குக் காட்டும் தடயம்.

எடுத்துக்காட்டாக, ‘இஸ்கூல்’ என்னும் ஒலிப்பைப் பலர் கேலி செய்கின்றனர். சொல்லின் முதலில் மெய்ம்மயக்கம் வாராது என்பது தமிழின் ஒலியமைப்பு. ‘ராமன்’ என்பதை ‘இராமன்’ என்றும் ‘லட்சுமி’ என்பதை ‘இலட்சுமி’ என்றும் எழுதும்போதும், மொழிமுதலாக நிற்க இயலாத ஒலிக்கு முன்னால் ஓர் இகரத்தை நிறுத்துகிறோம். அதனை இலக்கணம் என்று போற்றுகிறோம். ‘இஸ்கூல்’ என்பவர் செய்வதும் அதற்கு நெருங்கிய செயலே. மெய்க்கூட்டத்தில் ஓரொலியை விட்டுவிடுவது புரிதலைக் கெடுக்கும் அளவுக்கு, ஓர் உயிரொலியைச் சேர்ப்பது கெடுப்பதில்லை என்பது ஜென்கின்ஸ் கூறுவது. எனவே இதனைப் பின்னர் மெல்லத் திருத்தலாம். முதல் வாரமே திருத்த வேண்டியதில்லை.

இதனால் எல்லாப் பிழையையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டா. சில பிழைகள் உடனே திருத்தத்தக்கவை. எதிர்மறை வினாவுக்கு விடை சொல்லும் முறை அவற்றுள் தலையாயது. ‘நீங்கள் இன்னும் சாப்பிடவில்லையா?’ என்று தமிழில் கேட்டால், சாப்பிடாதவர் ‘ஆமாம், இன்னும் இல்லை’ என்கிறார். கேட்டவர் கூற்று உண்மை என்று ஒப்புக்கொள்வது தமிழ் முறை. செயல் நிகழ்ந்ததா இல்லையா என்று பார்ப்பது ஆங்கில முறை. சாப்பிடாதவர் அங்கே ‘நோ’ என்றே தொடங்க வேண்டும். தமிழ் முறைப்படி ‘யெஸ்’ என்று சொன்னால், சாப்பிட்டதாகவே பொருள்படக்கூடும்.

விருந்து மேசையில் இது சிரிப்போடு போய்விடும். பலதுறை மருந்தகத்தில் தாதியர், ‘இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதில்லையே?’ என்ற பொருளில் கேட்கும்போது ‘யெஸ்’ என்ற விடை என்ன ஆகும்? கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளர், ‘இன்னும் மின்சாரத்தை அணைக்கவில்லையா?’ என்று கேட்க, அணைக்காத தொழிலாளி தமிழ் முறையில் ‘யெஸ்’ என்றால் அதன் விளைவு என்ன? ஆகவே ‘யெஸ்’, ‘நோ’ என்னும் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், ‘ஐ ஹேவ் நாட் ஸ்விட்ச்ட் இட் ஆஃப்’ என்று முழு வாக்கியமாகச் சொல்லும் வழக்கத்தை முதல் மாதத்திலேயே பழக்க வேண்டும். இலக்கணப் பாடமாக அன்று, உயிர்காப்புப் பாடமாக.

ஆசிரியர்கள் பிழைகளை இவ்வாறு தரம் பிரித்தால் ஒரு நன்மை விளையும். பத்துப் பிழைக்குப் பத்து முறை திருத்தப்பெறும் மாணவர், தம் பேச்சு முழுவதும் பிழை என்று முடிவுகட்டுகிறார். இரண்டு மட்டும், அதுவும் காரணத்தோடு திருத்தப்பெறுபவர், எஞ்சியவை செல்லத்தக்கவை என்று அறிகிறார்.

மரியாதையை எவ்வாறு சொல்வது?

தமிழரின் தயக்கத்தில் பிறர் கவனிக்காத ஒரு கூறு உண்டு. நம் மொழியில் மரியாதை வினைச்சொல்லின் ஈற்றில் அமைந்திருக்கிறது. ‘வா’, ‘வாருங்கள்’ ஆகிய இரண்டிற்கும் இடையிலான தொலைவை ஒரு விகுதி காட்டிவிடுகிறது. ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் பெயர்களும் அப்படியே. ஆங்கிலத்தில் எல்லார்க்கும் ‘யூ’ ஒன்றுதான். மருத்துவரையும் மாமனார் வயதுடைய அண்டைவீட்டாரையும் அச்சொல்லால் விளிக்க நம்மவர் நாக்குக் கூசுகிறது. மரியாதைக் குறைவாகப் பேசிவிடுவோமோ என்று அஞ்சியே சிலர் பேசாதிருக்கின்றனர்.

மறுபுறம், தமிழில் விகுதியே மரியாதையைச் சுமப்பதால் ‘தயவுசெய்து’ என்று அன்றாடப் பேச்சில் நாம் அடிக்கடி சொல்வதில்லை. ‘தண்ணீர் கொடுங்கள்’ என்பது பணிவான தொடரே. அதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி ‘கிவ் மீ வாட்டர்’ என்றால் விகுதி தொலைந்து கட்டளை மட்டும் எஞ்சுகிறது. கேட்டவர் முகம் சுளிக்கிறார். பேசியவரோ, தம் ஒலிப்பை அல்லது தம் நிறத்தை அவர் இழிவாக நினைத்தார் என்று எண்ணி அடுத்த முறை வாய் திறப்பதில்லை. இழிவுபடுத்துவோரும் உலகில் உண்டு. ஆயினும் சில வேளைகளில் இடையே நின்ற தடை ஒரு விகுதியின் இழப்புத்தான்.

இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. ‘கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?’, ‘ஒன்று கேட்கலாமா?’, ‘நாளைக்கு வர முடியுமா?’ என்று கட்டளையை வினாவாக்கி மென்மைப்படுத்தும் வழக்கம் நமக்கு உண்டு. ஆங்கிலமும் ‘குட் ஐ ஹேவ்’, ‘மே ஐ ஆஸ்க்’, ‘வுட் யூ மைண்ட்’ என்று அதே வழியில்தான் செல்கிறது. விகுதியில் இருந்த மரியாதை அங்கே வாக்கியத்தின் தொடக்கத்திற்கு இடம் மாறியிருக்கிறது என்று விளக்கினால், மூத்தவர் ஒருவர் தம் பண்பை ஆங்கிலத்திலும் உடன் கொண்டுசெல்ல முடியும். பெயர்ச்சொல் பட்டியலைவிட இந்த மூன்று தொடக்கங்களை முன்னதாகக் கற்பிக்கலாம்.

தன்னம்பிக்கை வளரும் வழி

உளவியலார் ஆல்பர்ட் பண்டுரா, 1977இல் எழுதிய கட்டுரையில், ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்னும் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைக் கூறினார். தாமே செய்து வெற்றி காண்பது, தம்மைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் ஊக்குவிப்பது, உடலின் பதற்றம் தணிவது என்பன அவை. இவற்றுள் வலிமை மிக்கது முதலாவது என்பது அவர் முடிவு. நாமோ பெரும்பாலும் மூன்றாவதை மட்டுமே கையாள்கிறோம். கைதட்டி ஊக்குவித்து அனுப்பிய மாணவர் மறுநாள் வங்கி முகப்பில் தடுமாறினால், நம் கைதட்டலின் மேலிருந்த நம்பிக்கையும் போய்விடும்.

ஆகவே வெற்றியை வகுப்பறையிலேயே திட்டமிட வேண்டும். ‘ஆங்கிலம் பேசக் கற்பது’ என்பது எல்லையற்ற இலக்கு. ‘மருந்தகத்திற்குத் தொலைபேசியில் அழைத்து முன்பதிவு நாளை மாற்றுவது’ என்பது ஒரு வாரத்தில் எட்டத்தக்க இலக்கு. அதற்கு ஏறத்தாழ எட்டு வாக்கியங்கள் வேண்டும். அவற்றைப் பயின்று, இருவர் இருவராக நடித்துப் பார்த்து, பின்னர் உண்மையிலேயே அழைத்துப் பேசி முடிப்பவர்க்குக் கிடைப்பது பாராட்டன்று, சான்று. மாணவர் தம் வாழ்க்கையிலிருந்து இத்தகைய பத்துச் சந்தர்ப்பங்களைத் தாமே எழுதிக் கொண்டு வரட்டும். தொழிலாளியின் பட்டியலும் இல்லத்தரசியின் பட்டியலும் ஒன்றாக இரா. பாடத்திட்டம் அவற்றுக்கேற்ப வளைந்து கொடுக்க வேண்டும்.

அடுத்து, உரையாடலைத் தாங்கிப் பிடிக்கும் தொடர்கள். புரியாதபோது பெரும்பாலோர் புன்னகைத்துத் தலையசைத்துவிடுகின்றனர். புரியவில்லை என்று சொல்வது தோல்வி என்று நினைப்பதே காரணம். ‘மன்னியுங்கள், இன்னொரு முறை மெதுவாகச் சொல்ல முடியுமா?’, ‘நீங்கள் சொன்னது வியாழக்கிழமையா, செவ்வாய்க்கிழமையா?’, ‘ஒரு நொடி, நான் சரியாகச் சொல்கிறேன்’ என்பவற்றுக்குரிய ஆங்கிலத் தொடர்களைத் தங்குதடையின்றிச் சொல்லப் பழக்கினால், உரையாடலின் வேகத்தை முடிவு செய்யும் உரிமை அவர் கைக்கு வருகிறது. தாய்மொழியாளரும் நாள்தோறும் இவற்றைச் சொல்கின்றனர் என்பதை மாணவர் அறிய வேண்டும்.

இங்கே திருத்தும் முறையையும் கருத வேண்டும். 1977இல் ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் ஆகிய மூவரும் இயல்பான உரையாடல்களை ஆராய்ந்து, பேசியவரே தம் தவற்றைத் திருத்திக்கொள்வதையே மக்கள் விரும்புகின்றனர் என்று காட்டினர். பிறர் குறுக்கிட்டுத் திருத்துவது வளர்ந்தவர் உலகில் அரிது. பெற்றோர் குழந்தையை அவ்வாறு திருத்தலாம். எனவே ஒரு மூத்த மாணவரை வாக்கியத்தின் நடுவில் நிறுத்தித் திருத்தும்போது, நாம் அறியாமலேயே அவரைக் குழந்தையின் இடத்தில் வைக்கிறோம். அவர் முடிக்கும்வரை காத்திருங்கள். பின்னர் ‘அந்த இரண்டாம் வாக்கியத்தை இன்னொரு முறை சொல்கிறீர்களா?’ என்று கேளுங்கள். பல வேளைகளில் அவரே திருத்திக்கொள்வார்.

‘தம்மைப் போன்றவர்’ என்னும் இரண்டாம் ஊற்றையும் மறக்கலாகாது. குறையற்ற ஒலிப்புடைய செய்தி வாசிப்பாளரைக் காட்டுவதைவிட, தமிழொலிப்போடு தெளிவாகப் பேசித் தம் வேலையைச் செம்மையாகச் செய்யும் ஒரு தாதியரையோ மேற்பார்வையாளரையோ வகுப்புக்கு அழைத்து வருவது பயன் மிக்கது. உடலின் பதற்றத்திற்கும் எளிய வழி உண்டு. பேசுவதற்கு முன் இரண்டு நிமிடம் அமைதியாக எண்ணிப் பார்க்க இடம் கொடுங்கள். முழு வகுப்பின்முன் பேச வைப்பதற்கு முன்னர் இணையரிடம் பேச வையுங்கள்.

இல்லத்தில் நடப்பது

மாணவச் செல்வங்களே, இனி உங்களோடு சில சொற்கள். உங்கள் தாயோ பாட்டனாரோ ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் பிறழச் சொல்லும்போது நீங்கள் சிரிப்பது விளையாட்டாக இருக்கலாம். அவர்களுக்கு அது அந்நியர் சிரிப்பைவிட ஆழமாகத் தைக்கும். கடைக்காரர் சிரித்தால் வேறு கடைக்குப் போகலாம். சொந்த வீட்டில் பிள்ளை சிரித்தால் எங்கே போவது? வரிசையில் நிற்கும்போது அவர்கள் தடுமாறினால், உடனே முன்வந்து நீங்கள் பேசி முடித்துவிடாதீர்கள். பத்து நொடி பொறுங்கள். பல நேரங்களில் அந்தப் பத்து நொடியில் அவர்களே சொல்லி முடித்துவிடுவர்.

அவர்களோடு ஓர் ஒப்பந்தமும் செய்துகொள்ளலாம். மாலையில் அரைமணி நேரம் நீங்கள் அவர்களுக்கு ஆங்கிலத் தொலைபேசி உரையாடலில் துணை நில்லுங்கள். அடுத்த அரைமணி நேரம் அவர்கள் உங்களுக்குத் தமிழில் கதை சொல்லட்டும். முதல் அரைமணியில் அவர்கள் தடுமாறுவதை நீங்கள் காண்பீர்கள். அடுத்ததில் நீங்கள் தடுமாறுவதை அவர்கள் காண்பர். புதிய மொழியில் எவரும் தடுமாறுவர் என்பதை இரு தலைமுறையும் ஒருவரிடம் ஒருவர் கற்பது, நூறு அறிவுரைக்குச் சமம்.

தமிழாசிரியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழர் ஆங்கிலம் கற்கையில் எங்கே இடறுவர், ஏன் இடறுவர் என்பதைப் பிற ஆசிரியர்களைவிட நீங்கள் நன்கறிவீர்கள். மெய்ம்மயக்கமும் குறில் நெடிலும் விகுதியும் உங்கள் அன்றாடப் பொருள்கள். சமூக நிலையங்களிலும் ஆலய மண்டபங்களிலும் தொழிலாளர் விடுதிகளிலும் நடைபெறும் ஆங்கில வகுப்புகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் சென்று, ‘உங்கள் தமிழில் இது முன்பே இருக்கிறது’ என்று சொல்ல உங்களால் முடியும். ஆங்கிலம் கற்றுத் தருவோர்க்கும் அது பேருதவியாக இருக்கும்.

தமிழில் நிமிர்ந்து பேசும் ஒருவர் அதே நிமிர்வோடு ஆங்கிலத்திலும் நான்கு வாக்கியம் பேசத் தொடங்கிவிட்டால், தம் பிள்ளைக்காகத் தமிழை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் அவருக்கு இராது. இரண்டு மொழியும் ஒரு வீட்டில் இருக்கலாம் என்பதற்கு அவரே அந்தப் பிள்ளையின் கண்முன் நிற்கும் சான்றாவார். அத்தகைய பெற்றோர் நம்மிடையே பெருகட்டும்.